நூலும் எஃகும்

'எறும்பு ஊரக் கல்லுந் தேயும்' என்பது நம் நாட்டுப் பழமொழி. எறும்பினும் மெல்லியது பருத்தி நூல். கல்லினும் வலியது எஃகு. ஆயினும் நூல் ஓட எஃகு தேய்கின்றது. தாராபுரத்தினின்று வடமேற்கே பல்லடத்தை நோக்கிச் செல்வோர் விசைத்தறிகளின் ஓசையைக் கேளாமற் போகார். அவ்வோசையினூடே இத்தேய்வும் ஓயாது நிகழ்கின்றது. அஃது எவ்வாறு நிகழ்கின்றது, அதனைத் தடுக்க உலோகத்தின்மேல் இடும் முலாங்கள் யாவை, அவற்றுள் எதனை எங்கே கொள்ளுதல் தகும் என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வோம்.

கொங்கு நாட்டிற்கும் பஞ்சிற்கும் உள்ள உறவு பழையது. கோவையில் 1888-ஆம் ஆண்டு ஸ்டேன்ஸ் ஆலை தோன்றியது. 1932-இல் பைக்காரா அருவியின் மின்சாரம் பிறந்தபின் நூற்பாலைகள் பெருகின. காலப்போக்கிற் சோமனூர், பல்லடம் முதலிய ஊர்களில் விசைத்தறிகள் நிறைந்தன. ஜவுளித் தொழிலின் நுட்பங்களை ஆராய்வதற்கென்றே 1956-இல் தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் கோவையில் நிறுவப்பெற்றது. கை அசைந்த இடத்தில் யந்திரம் அசையத் தொடங்கவே, தேய்வு என்னும் பகையும் உடன் வளர்ந்தது.

தறியில் பாவுநூல் செல்லும் வழியை நோக்குவோம். நூல் அறுந்தால் தறியை நிறுத்தும் பொருட்டுத் தொங்கும் மெல்லிய தகட்டின் துளையை அது முதலிற் கடக்கின்றது. பின்னர் விழுதின் கண்ணினுள் நுழைகின்றது. அதன்பின் அச்சின் பற்களுக்கிடையே புகுகின்றது. ஊடை நூல் விழுந்தோறும் அச்சு முன்னும் பின்னும் ஆடி நூல்களை உராய்கின்றது. ஒரு சாதாரண விசைத்தறி நிமிடத்திற்கு 120 ஊடை போடுவதாகக் கொண்டால், எட்டு மணி நேரத்தில் அச்சு 57,600 முறை ஆடும். காற்றின் விசையால் ஊடையைச் செலுத்தும் ஏர்ஜெட் தறிகளிலோ நிமிடத்திற்கு 600-க்கு மேலும் ஊடை விழுகின்றது.

ஆயினும் எண்ணிக்கை மட்டும் காரணமன்று. நூலோடு வரும் புழுதியிற் படிகக்கல்லின் நுண்துகள்கள் உள்ளன. கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் அளவையில் மெல்லிரும்பு ஏறக்குறைய 150, பதமிட்ட எஃகு 700, படிகக்கல்லோ 1,100. ஆகவே எஃகை அறுப்பது பஞ்சன்று. பஞ்சு சுமந்து வரும் மணலே என்க. பாலியெஸ்டர் நூலிற் பளபளப்பைக் குறைக்கச் சேர்க்கும் டைட்டானியம் ஆக்ஸைடும் இத்தகைய வேலையையே செய்கின்றது.

தேய்ந்த உறுப்பில் முதலில் ஒரு நுண்ணிய பள்ளம் விழும். அப்பள்ளத்தின் விளிம்பு நூலின் இழைகளைச் சீவும். நூல் மயிர்த்துப் பின் அறும்; தறி நிற்கும்; துணியிற் பழுது படியும். பிறர் கொடுக்கும் பாவைக் கூலிக்கு நெய்து வாழும் சிறு தறிக்காரருக்கு நின்ற தறி இழந்த கூலியாகும். ஆதலின் எஃகு முதலில் நூலை அறுக்கின்றது; பின்னர்க் குடும்பத்தின் வரவையும் அறுக்கின்றது.

இதற்கு மருந்தாக வந்தவற்றுள் பழையது கடினக் குரோமிய முலாம். குரோமிக் அமிலக் கரைசலில் உறுப்பை இட்டு மின்சாரம் பாய்ச்சினால் குரோமியம் அதன்மேற் படியும். அதன் கடினம் 900 அளவினது. 20 மைக்ரான் பருமன், அஃதாவது தலைமயிரின் பருமனில் மூன்றிலொரு பங்கு, பல உறுப்புக்களுக்குப் போதும். ஆயினும் மின்சாரம் விளிம்பில் மிகுதியாகவும் துளையினுட் குறைவாகவும் பாய்வதால் முலாமும் அவ்வாறே படிகின்றது. மேலும், கரைசலில் எழும் ஹைட்ரஜன் எஃகினுட் புகுந்து அதனை நொறுங்கச் செய்யும். ஆகவே கடின எஃகுறுப்பை முலாமிட்டபின் ஏறக்குறைய 200 பாகைச் சூட்டிற் சில மணி நேரம் வைத்து அவ்வாயுவை வெளியேற்றுதல் வேண்டும்.

இங்கே வியப்பான ஒன்று உண்டு. நூல் வழுக்கியோடக் கண்ணாடிபோன்ற பரப்பே சிறந்ததென்று நாம் எண்ணுவோம். விரைந்தோடும் செயற்கை நூலுக்கு அஃது உண்மையன்று. மிக வழவழப்பான பரப்பில் நூல் ஒட்டியிழுபடுகின்றது. ஆரஞ்சுத் தோல்போல் மெல்லிய புடைப்புக்கள் உள்ள மங்கலான பரப்பிலோ தொடும் இடம் குறைவதால் உராய்வும் குறைகின்றது.

துளைகளும் மூலைகளும் நிறைந்த உறுப்புக்களுக்கு நிக்கல்-பாஸ்பரஸ் முலாம் ஏற்றது. 1946-இல் பிரென்னர், ரிடெல் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் வெளியிட்ட இம்முறையில் மின்சாரம் வேண்டுவதில்லை; கரைசல் தொடும் இடமெல்லாம் ஒரே பருமனிற் படியும். வெற்றிடத்தில் டைட்டானிய ஆவியையும் நைட்ரஜனையும் சேர்த்துப் படிவிக்கும் பொன்னிற முலாம் 2,000-க்கு மேற்பட்ட கடினமுடையது. அதன் பருமன் சில மைக்ரான்களே. நூல் வளைந்து செல்லும் இடங்களில் அலுமினாப் பீங்கான் கண்களைப் பதிப்பதும் உண்டு.

இனி, மிகக் கடினமானதே மிகச் சிறந்ததோ எனின், அன்று. சேற்றின்மேல் ஓடு பரப்பி நடந்தால் ஓடு உடையும். மென்மையான உலோகத்தின்மேல் இட்ட கடின முலாமும் அவ்வாறே உடைந்து உதிரும். எண்ணெய்ப் பசை நீங்காத பரப்பில் எம்முலாமும் நில்லாது. அன்றியும், இரண்டு உறுப்புக்கள் உராயுமிடத்து எது தேயவேண்டும் என்பதை முன்னரே தீர்மானித்தல் நலம். நெசவுக்கு முந்திய நூற்பிலே இதற்கு நல்ல சான்று உண்டு. நூற்கும் யந்திரத்தில் வளையத்தின்மேல் ஓடும் 'டிராவலர்' என்னும் சிறு கம்பி விலை குறைந்தது, எளிதில் மாற்றத்தக்கது. ஆதலின் அது தேய, வளையம் நிலைக்குமாறு அமைப்பர். தேய்வை அறவே ஒழித்தல் இயலாது. அதனை மலிவான இடத்திற்கு மாற்றுதல் இயலும்.

இத்தீர்மானத்தில் நம் கண்ணுக்கு எளிதில் தோன்றாத ஒன்றும் தேய்கின்றது; அது நீர். குரோமியக் கரைசலில் லிட்டருக்கு 250 கிராம் குரோமிக் அமிலம் இருப்பது வழக்கம். அதில் குரோமியம் 130 கிராம். குடிநீரிற் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மிகலாகாது என்பது வரம்பு. கணக்கிட்டுப் பார்மின்: ஒரே ஒரு லிட்டர் கரைசல் 26 லட்சம் லிட்டர் தூய நீரை அவ்வரம்பு வரை கெடுக்கவல்லது. தொட்டியினின்று எழும் அதன் நுண்துளிகளை நெடுநாள் சுவாசிக்கும் தொழிலாளிக்கு நுரையீரற் புற்றுநோய் வருதல் கூடும். ஐரோப்பிய நாடுகளில் 2017 முதல் தனி அனுமதியின்றிக் குரோமிக் அமிலத்தை இத்தொழிலுக்குப் பயன்படுத்தலாகாது. நஞ்சை அடக்கும் வழியும் உண்டு. கழிவுநீரிற் சோடியம் பைசல்பைட் இட்டுக் குரோமியத்தைக் கேடு குறைந்த நிலைக்கு மாற்றி, சுண்ணாம்பினால் வண்டலாக்கிப் பிரித்துவிடலாம். செலவு சிறிதே, அதனைச் செய்யாமைக்குக் காரணம் அறியாமையன்று, அசட்டையே.

மழை குறைந்த கொங்கு நாட்டில் கிணற்றுநீரின் அருமையை அறியாதார் இலர். ஆதலின் தறியுறுப்பிற்கு முலாமிட விரும்புவோர், 'எத்தனை நாள் உழைக்கும்?' என்று கேட்பதோடு நின்றுவிடாமல், 'நூலுக்கு இசையுமா? கழுவிய நீர் எங்கே போகின்றது?' என்றும் கேட்பாராக. இவ்விரண்டிற்கும் நேரான விடை கூறும் பட்டறையே எஃகைக் காக்கவும் தக்கது.