கற்பிட்டி மணலும் வேளாண்மைக் கல்வியும்

பல்கலைக்கழகம் என்றவுடன் நம்மவர்க்குப் பட்டமளிப்பு விழாவும் கறுப்பு அங்கியுமே நினைவுக்கு வருகின்றன. ஆனால் கற்பிட்டிக் குடாநாட்டில் வாழும் ஒருவர், வேளாண்மைப் பட்டப்படிப்பினால் நமக்கு என்ன பயன் என்று வினவுவாராயின், அவருடைய வீட்டுக் கிணற்றைக் காட்டியே நான் விடை கூறுவேன்.

மேற்கே கடல், கிழக்கே புத்தளம் களப்பு, இடையே வடக்கு நோக்கி நீண்டு கிடக்கும் மணல் நிலமே நமது குடாநாடு. இங்கே ஆறு இல்லை. பெய்யும் மழை மணலினூடே இறங்கி, அடியில் உள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. நன்னீர் உவர்நீரினும் பாரம் குறைந்ததாகலின் இவ்வாறு நிற்க முடிகின்றது. இதனை நன்னீர் வில்லை என்பர். சில அடி தோண்டினால் நீர் காணலாம். நுரைச்சோலை, ஆலங்குடா, ஏத்தாளை, கண்டக்குழி முதலிய ஊர்களில் மிளகாயும் வெங்காயமும் பீற்றூட்டும் விளைவது இந்நீரினாலேதான். குடிப்பதும் இதே நீர். 1990ஆம் ஆண்டில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெருந்தொகையினர் இப்பகுதியிலும் புத்தளத்திலும் வந்து தங்கினர். மக்கள் தொகை பெருகிற்று. பூவாளி சுமந்த தோள்களுக்குப் பதிலாக இயந்திரமும் தூவல் குழாயும் வந்தன.

மணல் நீரைத் தாங்கி வைப்பதில்லை. பசளையையும் தாங்கி வைப்பதில்லை. நாம் இடும் யூரியா சில நாள்களில் அமோனியமாகி, பின்னர் நைத்திரேற்றாக மாறுகின்றது. பயிரின் வேர் உறிஞ்சியது போக எஞ்சியது, அடுத்த முறை பாய்ச்சும் நீரோடு கீழே போய்விடுகின்றது. நான் கலைப் பட்டதாரி. இரசாயனம் என் துறையன்று. ஆயினும் சிறு கணக்கொன்று போட எவருக்கும் இயலும். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். 50 கிலோ மூடையில் 23 கிலோ. அதிற் பாதி மட்டும் நைத்திரேற்றாகக் கிணற்று நீரைச் சேருமாயின், ஏறத்தாழ 51 கிலோ நைத்திரேற்று ஆகும். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பதே உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. ஆகவே ஒரே மூடையின் அரைப் பங்கு, பத்து இலட்சம் லீற்றர் தூய நீரை அந்த எல்லைக்குக் கொண்டுவந்துவிடப் போதுமானது!

இந்த நைத்திரேற்றுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. கொதிக்க வைத்தால் நீங்காது. நீர் வற்றுவதால் செறிவு கூடவே செய்யும். தாய்ப்பாலன்றி இந்நீரிற் கரைத்த மாப்பால் குடிக்கும் கைக்குழந்தைக்கே ஆபத்து அதிகம். குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, குழந்தையின் உதடும் உடலும் நீலம் பாரிக்கும். நமது கிணறுகளில் இப்பொருள் மிகுந்திருப்பதை 1980களிலேயே ஆய்வாளர் எழுதினர்.

அப்படியாயின் இரசாயனத்தை அறவே விலக்கிவிடலாமே என்பர் சிலர். 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தது. விளைச்சல் வீழ்ந்தமையால் அவ்வாண்டு நவம்பரிலேயே தளர்த்த நேர்ந்தது. மேலும், மாட்டெருவும் கோழியெருவும் மண்ணில் மட்கும்போது நைத்திரேற்றையே தருகின்றன. அளவு மிஞ்சினால் எருவும் கிணற்றைக் கெடுக்கும். எவ்வளவு, எப்போது, எத்தனை தவணை என்பனவே ஆராய வேண்டியவை. இவ்விடத்திலேதான் பல்கலைக்கழகம் வேண்டப்படுகின்றது.

குருநாகல், புத்தளம் ஆகிய இரு மாவட்டங்களும் சேர்ந்த வடமேல் மாகாணத்துக்கு 1999இல் அமைந்தது வயம்பப் பல்கலைக்கழகம். அதன் விவசாய, பெருந்தோட்ட முகாமைத்துவ பீடம் மாக்கந்துரவில் உள்ளது. தென்னை முக்கோணத்தின் நடுவே உள்ள அவ்வூர் நமக்கு நூறு கிலோமீற்றருக்கு அப்பாற்பட்டது. மழையும் வேறு, மண்ணும் வேறு. அங்கே பொருந்தும் பசளை அளவு இங்கே பொருந்தும் என்று கொள்வதற்கில்லை. நமது மணலுக்கு நமது மணலிலேயே சோதனை நடத்தல் வேண்டும். ஒரே தடவையில் இடுவதைப் பல சிறு தவணைகளாகப் பிரித்தல், வேர் எட்டும் ஆழத்துக்கு மட்டும் நீர் பாய்ச்சுதல், உமிக்கரியும் தும்புத்தூளும் கலந்து மணலின் பிடிப்பைக் கூட்டுதல் என்னும் வழிகள் உண்டு. அவற்றுள் எது நம் வெங்காயக்காரருக்குக் கட்டுபடியாகும் என்பதை அளந்து சொல்லவே ஆள் வேண்டும்.

ஆய்வு முடிவுகளோ ஆங்கிலத்தில் வெளிவருகின்றன. விவசாயப் போதனாசிரியர் எடுத்துரைத்தாலன்றித் தோட்டத்துக்கு அவை எட்டுவதில்லை. நம் தமிழ்மொழிப் பாடசாலைகளில் உயர்தர உயிரியல் பயில்வோர் தொகை போதாது. ஆசிரியர் பற்றாக்குறையும் அதற்கொரு காரணம். வைத்தியர் ஆகாவிட்டால் படிப்பே வீண் என்று பெற்றோர் கருதுவதும் எனக்கு உடன்பாடன்று. ஆலங்குடாத் தோட்டக்காரரின் மகள் அந்தப் பீடத்திற் பயின்று வந்து, தந்தையின் தோட்டத்து மண்ணைத் தமிழிலேயே விளக்குவாளாயின், அச்சொல்லுக்கு அயலாரிடத்தும் மதிப்பு இருக்கும்.

அதுவரை காத்திருக்கத் தேவையில்லாத காரியமும் ஒன்று உண்டு. கைக்குழந்தை உள்ள வீட்டார் தமது கிணற்று நீரைத் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடத்திற் கொடுத்துச் சோதிப்பித்துக் கொள்ளலாம். மாரி தொடங்குமுன் ஒரு முறையும், மழை ஓய்ந்தபின் ஒரு முறையும் சோதிப்பது நன்று. ஏனெனில், மண்ணில் தங்கியிருந்த பசளையை முதல் மழையே கிணற்றுக்குக் கொண்டு சேர்க்கின்றது.