மீள்குடியேறியோரும் மனவடுவும்

உடலிற் பட்ட புண் ஆறியபின்னும் வடு எஞ்சுதல் யாவரும் அறிந்ததே. உள்ளத்திற் பட்ட புண்ணுக்கும் அத்தகைய வடு உண்டு. அதனை உளமருத்துவர் மனவடு என்பர்.

கந்தளாய்க் குளத்து நீர் பாயும் தம்பலகாமத்து வயல்களுட் பல, போர்க்காலத்தில் உழுவாரற்றுக் கிடந்தன. 1983 முதல் 2009 வரை நீடித்த அப்போரில் எம்மாவட்டத்தாருட் பலர் அயலூர்களுக்கும் முகாம்களுக்கும், கடல் கடந்து தமிழகத்துக்கும் சென்று, பின்னர் மீண்டனர். வீடுகள் எழுந்தன, வயல்கள் விளைந்தன. ஆயின், மீண்டு வந்தோரின் உள்ளமும் மீண்டதோ என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

மனவடுவின் முதன்மையான குறிகள் மூன்று. நிகழ்ந்த கொடுமை நினைவிலும் கனவிலும் மீண்டும் மீண்டும் தோன்றுதல் ஒன்று. அதனை நினைவூட்டும் இடத்தையும் பேச்சையும் விலக்கி ஒதுங்குதல் மற்றொன்று. ஓயாத விழிப்பு மூன்றாவது. ஆபத்து வந்துழி ஓடவோ எதிர்க்கவோ உடல் ஆயத்தமாதல் இயற்கை. ஆபத்து நீங்கின் அது தணிதல் வேண்டும். மனவடு உற்றார்க்கு அது தணிவதில்லை. திருவிழா வெடிச்சத்தம் கேட்டு ஒரு தாய் பிள்ளையை வாரியெடுத்துக்கொண்டு ஓடுவதற்குக் காரணம் இதுவே. அது கோழைமை அன்று.

காலம் இதனை மாற்றாதோ எனின், பெரும்பாலார்க்கு மாற்றும். அவுஸ்திரேலியாவிற் குடியேறிய வியற்நாமிய அகதிகளை ஆராய்ந்து 2002இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்று, ஆண்டுகள் செல்லச் செல்ல உளநோய் குறைந்தமையைக் காட்டிற்று. எனினும், மூன்றுக்கு மேற்பட்ட வகைக் கொடுமைகளை அனுபவித்தோர்க்குப் பத்தாண்டு கடந்த பின்னரும் நோயுறும் வாய்ப்பு மிகுந்திருந்தது. யாழ்ப்பாண மாவட்டத்தில் 2009இல் நடாத்தப்பெற்ற ஆய்வில், நூற்றுக்கு 7 பேரிடம் மனவடு நோயும், 22 பேரிடம் மனச்சோர்வும், 32 பேருக்கு மேற்பட்டோரிடம் பதகளிப்பும் காணப்பட்டன.

பேராசிரியர் தயா சோமசுந்தரம் இதனைத் தனியொருவர் நோயாக மட்டும் கொள்ளாது, குடும்பமும் ஊரும் ஒருங்கே உற்ற காயமாகவும் விளக்கினார். இது சிந்திக்கத்தக்கது. இறந்தோர்க்கு அந்தியேட்டி செய்து அழுது ஆறுதல் எம்மவர் வழக்கு. காணாமற் போனோரின் உறவினர்க்கோ அவ்வழியும் அடைபட்டது. கணவன் உளனோ இலனோ என அறியாதவள் பொட்டு வைப்பதா விடுப்பதா என்று நாடோறும் தடுமாறுகின்றாள்.

என் பிழையொன்றையும் கூறல் வேண்டும். போர் ஓய்ந்த சில ஆண்டுகளில், வகுப்பிற் சாளரத்தையே நோக்கியிருந்த மாணவன் ஒருவனைச் சோம்பேறி எனக் கடிந்தேன். அவன் இரவெல்லாம் உறங்காத தந்தையோடு விழித்திருப்பவன் என்பதைப் பின்னரே அறிந்தேன். அறிந்த பின் கடிந்ததில்லை. அவன் பேச விரும்பியபோது கேட்டேன்.

பேசுமாறு வற்புறுத்தல் தகாது. பேசுவாரைத் தடுத்தலும் தகாது. உறக்கமும் உணவும் தொழிலும் கெடுமாயின் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுதல் கடன். அதனைப் பைத்தியம் என்று இகழ்வார் அஞ்சியே பலர் மறைக்கின்றனர். அவ்விகழ்ச்சியை நீக்குதல் கற்றோர்க்கு முதற்கடன். ஓடும் கூரையும் அளித்தலோடு மீள்குடியேற்றம் முற்றுப்பெறாது. அச்சமின்றி உறங்கும் இரவும் அதன்பாற்பட்டதேயாம்.