சீட்டு புராணம்: "எங்க வலிக்குது?"

இதை எழுதலாமா வேண்டாமான்னு மூணு வாரமா யோசனை. பெரியப்பா படிப்பார், சித்தி படிப்பாங்க, காலேஜ் சீனியர் அண்ணன்மார் எல்லாரும் படிப்பாங்க. போன சனிக்கிழமை, கூடப் படிக்கிற கொலம்பியாப் பொண்ணு தன்னோட சைக்கிளை விக்கப் போறேன்னா. ஏன்னு கேட்டேன். பஸ்ஸே வசதியா இருக்காம். நான் விடலை. காபி ஆறிப்போற வரைக்கும் நோண்டினதுல, குரலைத் தாழ்த்தி "உட்கார முடியலை"ன்னா. நாலு மாசமா முடியலையாம். யார்கிட்டயும் சொல்லலையாம். அன்னைக்கு ராத்திரியே எழுத உட்கார்ந்துட்டேன். (உட்கார முடியுறது எவ்வளவு பெரிய கொடுப்பினைன்னு கீழ படிச்சா புரியும்.)

என் கதை இது. லோசான்ல வீட்டு வாடகை கேட்டா மயக்கம் வரும், அதனால நான் இருக்கிறது மோர்ஜ் பக்கம். அங்க இருந்து ஈபிஎஃப்எல் வளாகத்துக்கு ஏரியை ஒட்டியே ஒரு 7 கிலோமீட்டர். லோசான் நகரம் மாடிப்படி மாதிரி ஏறிட்டே போகும், ஆனா ஏரிக்கரை சமதரை. இங்க சைக்கிளுக்குப் பேரே 'வேலோ'. வந்த ரெண்டாவது மாசம் பழைய வேலோ சந்தைக்குப் போனேன். ஒரு தாத்தா அவரோட இளவயசு ரேஸ் சைக்கிளை வித்துக்கிட்டு இருந்தார். விலை நூத்தி "யுயித்தாந்த்"னார். நான் படிச்சது பாரிஸ் பிரெஞ்சு, அதுல எண்பதுன்னா 'நாலு இருபது'. இந்த வோ மாநிலத்துல எண்பதுக்குத் தனிச் சொல்லே இருக்கு. அது புரியாம, புரிஞ்ச மாதிரி தலையாட்டி 180 பிராங்க் கொடுத்துட்டு வந்தேன். நல்ல வண்டிதான். வளைஞ்ச ஹேண்டில் பார், மெல்லிசான டயர், கத்தி மாதிரி ஒரு சீட்.

முதல் வாரம் வலி. ரெண்டாவது வாரமும் வலி. மூணாவது வாரம் வலி போய் மரத்துப் போக ஆரம்பிச்சது. எனக்கு அது முன்னேற்றமா தெரிஞ்சது, பாருங்க என் அறிவை! பக்கத்துல இருந்த ஒரு கடையில போய்க் கேட்டேன். அந்த அண்ணாச்சி (இங்கயும் அண்ணாச்சிதான்) "ரெண்டு வாரத்துல பழகிரும்"னு சொல்லி, பஞ்சு மாதிரி ஜெல் வெச்ச ஒரு உறையைத் தலையில கட்டினார். முதல் நாள் சோபா, மூணாவது நாள் நரகம். மெத்துமெத்துன்னு இருந்தா வலிக்காதுன்னு நினைச்சது தப்பு. ஏன் தப்புங்கிறதுதான் இந்தப் பதிவோட முக்கால்வாசி.

வேற ஒரு கடையில வேலை பார்த்த ஒரு அம்மா கேட்ட ஒரே கேள்விதான் என் கண்ணைத் திறந்தது. "எங்க வலிக்குது? பின்னால எலும்புலயா, முன்னால சதையிலயா?"

எனக்குப் பேச்சு வரலை. பிரெஞ்சுல வார்த்தை இல்லைங்கிறது ஒரு பக்கம், தமிழ்ல யோசிச்சுப் பார்த்தேன், தமிழ்லயும் வரலை. நம்ம வீட்டுல அதுக்கு 'அங்க'ன்னுதான் பேர். டாக்டர்கிட்ட போனாலும் "அங்க எரியுது டாக்டர்"தான். பாடப்புத்தகத்துல பிறப்புறுப்புன்னு ஒரு சொல் இருக்கு, அதை வாயால சொன்ன ஆளை நான் பார்த்ததில்லை. கடைசியில கையைக் காமிச்சு, "முன்னால"ன்னேன். அந்த அம்மா சாதாரணமா தலையாட்டிட்டு, "அப்போ பழகாது, சீட்டை மாத்து"ன்னாங்க.

விஷயம் எளிமையானது. நாம உட்கார்றப்போ உடம்போட பாரத்தைத் தாங்க இடுப்பெலும்போட அடியில ரெண்டு முண்டு இருக்கு. பலகையில சம்மணம் போட்டு உட்கார்ந்தா உறுத்துமே, அதுவேதான். சைக்கிள் சீட்டுல பாரம் இறங்க வேண்டியது அந்த ரெண்டு முண்டு மேல மட்டும். புதுசா ஓட்டும்போது அந்த எலும்புப் பக்கம் ஒரு வாரம் பத்து நாள் வலிச்சா அது பழகிரும். ஆனா முன்னால, ரெண்டு எலும்புக்கும் நடுவுல இருக்கிற சதையில வலியோ எரிச்சலோ மரத்துப் போறதோ இருந்தா, நரம்பும் ரத்தக்குழாயும் நசுங்குதுன்னு அர்த்தம். அதைப் பொறுத்துக்கிறதுல பெருமை ஒண்ணும் கிடையாது.

பொதுவா பெண்களுக்கு இந்த ரெண்டு முண்டுக்கும் நடுவுல தூரம் ஆண்களைவிடக் கொஞ்சம் கூட. சீட் குறுகலா இருந்தா முண்டு ரெண்டும் விளிம்புக்கு வெளிய தொங்கும், பாரம் பூரா நடுவுல இறங்கும். ஜெல் உறை போட்டா என்ன ஆகும்? எலும்பு மெத்தைக்குள்ள புதையும், புதையப் புதைய நடுவுல இருக்கிற மெத்தை மேல பிதுங்கி வந்து சதையை அழுத்தும். இலவம்பஞ்சுத் தலையணையில ரெண்டு முட்டியை ஊன்றிப் பாருங்க, நடுவுல எப்படி எழும்புதுன்னு தெரியும். நீண்ட தூரம் ஓட்டுறவங்க கெட்டியான சீட்டா பார்த்து வாங்குறதுக்குக் காரணம் இதுதான்.

அப்போ எவ்வளவு அகலம் வேணும்? இடுப்பு சைஸை வெச்சு முடிவு பண்ணக் கூடாது, ஒல்லியா இருக்கிறவங்களுக்கும் எலும்பு அகலமா இருக்கலாம். அளக்கிறதுக்கு மிஷின் எல்லாம் வேண்டாம். பார்சல் வர்ற அட்டைப்பெட்டி இருக்கில்ல, உள்ள அலை அலையா இருக்குமே, அதுல ஒரு துண்டு. கெட்டியான ஸ்டூல்லயோ வாசப்படியிலயோ போட்டு, மெல்லிசான துணியோட அதுமேல உட்காருங்க. குதிகாலைத் தூக்கி, முட்டி கொஞ்சம் மேல வர்ற மாதிரி வெச்சு, முன்னால குனிஞ்சு, கையால ஸ்டூலைப் பிடிச்சு உடம்பைக் கீழ அழுத்துங்க. எழுந்து பார்த்தா அட்டையில ரெண்டு குழி. லைட் பக்கவாட்டுல இருந்து விழுந்தா நல்லா தெரியும். ஒரு குழியோட மையத்துல இருந்து இன்னொண்ணோட மையம் வரைக்கும் ஸ்கேல் வெச்சு அளங்க. எனக்கு 12.5 சென்டிமீட்டர்.

அதுகூட எவ்வளவு சேர்க்கணும்ங்கிறது நீங்க எப்படி உட்கார்ந்து ஓட்டுறீங்கங்கிறதைப் பொறுத்தது. ரேஸ் ஓட்டுற மாதிரி குனிஞ்சா 1 சென்டிமீட்டர், நிமிர்ந்து உட்கார்ந்து காய்கறி வாங்கப் போற ஆளுன்னா 4. எஸ்க்யூலாப்ங்கிற ஜெர்மன் கம்பெனி சொல்ற கணக்கு இது, எனக்குச் சரியா வந்தது. நான் நடுவாந்திரம், அதனால 3. ஆக 15.5. தாத்தாவோட சீட்டை அளந்தேன், 13. அதுவும் ஓரம் சரிஞ்ச 13. ஒரு மாசமா நான் எதுமேல உட்கார்ந்திருந்தேன்னு அப்பத்தான் உறைச்சது.

அகலம்னா ரொம்ப அகலமாவும் வேண்டாம். நடுவுல ஆத்திரத்துல ஒரு பெரிய சோபா சீட் வாங்கி, ரெண்டே நாள்ல தொடை உரசிப் புண்ணாகி அதைத் திருப்பிக் கொடுத்தேன். நடுவுல ஓட்டை வெச்ச சீட் பல பேருக்கு வரப்பிரசாதம். சில பேருக்கு அந்த ஓட்டையோட விளிம்பே அறுக்கும். பெண்களுக்குன்னு எழுதியிருக்கிறதாலயே அது நமக்குப் பொருந்திரும்னும் கிடையாது. இங்க சில கடையில சோதிச்சுப் பார்க்கவே சீட் கொடுத்து அனுப்புறாங்க. கூச்சப்படாம கேளுங்க. மூணு நாலு மாத்திப் பார்த்துத்தான் எனக்கு அமைஞ்சது.

அமைஞ்ச பிறகும் வைக்கிற விதம் இருக்கு. பெடல் அடியில இருக்கும்போது குதிகாலை அதுமேல வெச்சா கால் நேரா நீளணும், அதுதான் உயரம். மேல போயிட்டா இடுப்பு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடி ஆடி உரசும். ஹேண்டில் பாரையும் விடாதீங்க. யேல் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் 48 பெண்களை வெச்சு 2012ல வெளியிட்ட ஆய்வுல, ஹேண்டில் சீட்டைவிடக் கீழ இருந்தா முன்பக்கம் அழுத்தம் கூடுது, உணர்ச்சி குறையுதுன்னு சொல்லியிருக்காங்க. தாத்தா வண்டியில அது ஒரு ஜாண் கீழ இருந்தது. பழைய மாடல்ங்கிறதால மேல இருக்கிற ஒரு போல்ட்டைத் தளர்த்தி, தட்டி, தூக்க முடிஞ்சது. தண்டுல ஒரு கோடு போட்டிருப்பான், அதுக்கு மேல தூக்கினா முன்பல் போயிரும், ஜாக்கிரதை. அப்புறம் பஞ்சு வெச்ச சைக்கிள் டவுசர் போடுறதா இருந்தா உள்ளாடை இல்லாமத்தான் போடணும். இதை எழுதும்போது சித்தி முகம் கண்ணு முன்னால வருது :-)

சீட்டோட மூக்கு எந்தப் பக்கம் சாயணும்ங்கிறதுக்கு ஒரு கதையே இருக்கு. முதல்ல தரைமட்டமா வெச்சு, வலிச்சா மூக்கைக் கொஞ்சூண்டு கீழ இறக்கலாம். ரொம்ப இறக்கினா வழுக்கிட்டே போய் கை வலிக்கும். ஆனா ரேஸ் ஓட்டுறவங்க ரொம்ப நாள் இதைக்கூடச் செய்ய முடியலை. 2016க்கு முன்னால போட்டிகள்ல சீட் ஏறக்குறைய தரைமட்டமாத்தான் இருக்கணும்னு விதி. சைக்கிள் உலகத்துக்கே விதி எழுதுற யுசிஐ, ஆண் பெண் எல்லாருக்கும் எழுதினது. பிரிட்டன் அணியில ஃபில் பர்ட்னு ஒரு பிசியோ. லண்டன் ஒலிம்பிக் முடிஞ்ச பிறகு அவங்க விசாரிச்சா, அவ்வளவு மெடல் வாங்கின பெண்கள் பல பேர் சீட்டுப் புண்ணோடவே ஓட்டிக்கிட்டு இருந்திருக்காங்க. வாய் திறக்கலை. அப்புறம் டாக்டர்களைக் கூப்பிட்டுப் பேசி, யுசிஐகிட்ட போராடி, 9 டிகிரி வரைக்கும் சாய்க்கலாம்னு 2016ல விதியை மாத்த வெச்சாங்க. இத்தனைக்கும் 2019ல ஹன்னா டைன்ஸ்னு ஒரு பாராலிம்பிக் வீராங்கனை, பல வருஷம் சீட் அழுத்தி வந்த வீக்கத்துக்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டதைப் பத்தி கார்டியன் பத்திரிகையில எழுதினாங்க. உலகத்தரத்துல ஓட்டுறவங்களுக்கே இந்த கதி!

அந்த யுசிஐ தலைமையகம் இங்கதான் இருக்கு, எகிள்ங்கிற ஊர்ல, ரோன் நதிக்கரையில. புது சீட்டைச் சோதிக்க அதைவிடப் பொருத்தமான இடம் உண்டா? ஒரு ஞாயித்துக்கிழமை கிளம்பிட்டேன். லாவோ திராட்சைத் தோட்டத்துச் சரிவுக்குக் கீழ, வெவே, மோன்த்ரோ வழியா, லோசான்ல இருந்து மட்டுமே 40 கிலோமீட்டருக்குக் கிட்ட. மோன்த்ரோ தாண்டினதும்தான் கவனிச்சேன், ஒரு மணி நேரமா நான் சீட்டைப் பத்தி நினைக்கவே இல்லை. ஏரியைப் பார்த்துக்கிட்டு வந்திருக்கேன். திரும்பி வர ரயில். வேலோவுக்கும் தனியா டிக்கெட் எடுக்கணும் இந்த ஊர்ல, ஆள் டிக்கெட்டைவிட அதுதான் வயிறு எரிஞ்சது.

ரயில்ல இருந்து அம்மாவுக்குப் போன் போட்டேன். எங்க அம்மா புதுக்கோட்டைக்காரி. அறிவொளி இயக்கம் நடந்தப்போ, ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்தப்போ, சைக்கிள் கத்துக்கிட்ட ஆயிரக்கணக்கான பொண்ணுங்கள்ல ஒருத்தி. 1992 மகளிர் தினத்துக்கு 1,500 பெண்கள் சைக்கிள்ல ஊர்வலம் போனாங்களே, அந்த வருஷம் அம்மாவுக்குப் பதினெட்டு வயசு. லேடீஸ் சைக்கிள் கிடைக்காம வாடகைக்கு எடுத்த ஜென்ட்ஸ் சைக்கிள்ல, முதல்ல குரங்குப் பெடல், அப்புறம் பார் மேல காலைத் தூக்கிப் போட்டு. பார் இருந்தா குழந்தையை முன்னால உட்கார வைக்கலாம்னு அதுவே பிடிச்சுப் போச்சாம் நிறைய பேருக்கு. சாய்நாத் கூட எழுதியிருக்கார் அதை. சின்ன வயசுல இந்தக் கதையை நூறு தடவை கேட்டிருக்கேன். ஊர் சிரிச்சது, தாத்தா திட்டினது, எல்லாம் வரும்.

அன்னைக்குத்தான் முதல்முறையா கேட்டேன். "அம்மா, உனக்கு வலிக்கலையா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. ரயில் ஏதோ குகைக்குள்ள போயிருச்சோன்னு பார்த்தேன், இல்லை.

"வலிக்காம? ரெண்டு நாள் ஒண்ணுக்குப் போக முடியலடி. தேங்காய் எண்ணெய் தடவிக்கிட்டேன். யார்கிட்ட சொல்றது? சொன்னா, இதுக்குத்தான் பொட்டச்சி சைக்கிள் ஓட்டக் கூடாதுங்கிறதுன்னு அன்னைக்கே நிறுத்திப்புடுவாக."

முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த நூறு தடவையில ஒரு தடவைகூட இது வரலை.

அம்மா இப்பவும் ஓட்டுறா. பதினொண்ணாவது படிக்கும்போது எனக்கு அரசாங்கம் கொடுத்த இலவச சைக்கிள்லதான் ரேஷன் கடைக்கும் மார்க்கெட்டுக்கும் போறா. சீட் எப்படி இருக்குன்னு கேட்டேன். ரெக்சின் கிழிஞ்சு, பஞ்சு போய், நடுவுல மேடு தட்டுதாம். மேல பாலிதீன் பையைக் கட்டியிருக்காளாம். "எங்க வலிக்குதும்மா, பின்னால எலும்புலயா, முன்னாலயா?"ன்னேன். "ஏய், ரயில்ல உக்காந்துக்கிட்டு என்ன பேச்சு இது"ன்னா. அப்புறம், மெதுவா, "முன்னாலதான்."

டிசம்பர்ல ஊருக்கு வர்றேன், ஒரு சீட் வாங்கிட்டு வர்றேன்னேன். அம்மா ரொம்ப நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டுவா, அதனால 4 சேர்க்கணும். நம்ம ஊர் வண்டி பைப்புல மாட்ட கிளாம்ப் ஒண்ணு தனியா வேணும், அது புதுக்கோட்டையிலயே கிடைக்கும். விலை எவ்வளவுன்னு கேட்டா. சொன்னேன். ரூபாயில சொல்லுன்னா. சொன்னேன். "அதுக்கு ரெண்டு டயரும் மாத்தி பெயின்ட்டும் அடிச்சுரலாமேடி, வேணாம் வேணாம்"னு வெச்சுட்டா.

நேத்து காலையில போன்ல ஒரு போட்டோ வந்திருந்தது. மிக்ஸி வந்த அட்டைப்பெட்டியோட ஒரு பக்கம். ரெண்டு குழியையும் பேனாவால வட்டம் போட்டு, என்னோட ஸ்கூல் ஸ்கேலைக் குறுக்க வெச்சு எடுத்திருக்கா. பதிமூணரை.