பெர்லினில் ஒரு விளையாட்டுக் காட்சிச்சாலை

அரசர் அணிந்த முடியையும் புலவர் எழுதிய ஏட்டையும் காத்து வைக்க ஒரு கட்டடம் வேண்டும் என்றால் எவரும் வியப்பதில்லை. சிறுவர் ஆடிக் களித்த கணினி விளையாட்டுகளுக்கும் அத்தகைய கட்டடம் ஒன்று உண்டு என்றால் சிலர் நகைக்கக்கூடும். ஜெர்மனியின் தலைநகரான பெர்லினில், கார்ல் மார்க்ஸ் பெயர் தாங்கிய அகன்ற சாலையில் அது இருக்கிறது. 1997ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற அந்த அருங்காட்சியகம் 2011 முதல் இவ்விடத்தில் நடைபெற்று வருகிறது. நண்பர் மூவருடன் அதனைக் கண்டு வந்தேன். கண்டவற்றுள் மாணவர் அறியத்தக்க சிலவற்றைக் கூற விழைகிறேன்.

நண்பர் மூவர் என்றேன். ஆயினும் அன்றுவரை அவர்களுள் ஒருவரையும் நான் நேரில் கண்டதில்லை. இணையத்தின் வழியே பல நாட்டார் ஒருங்கு கூடி ஆடும் விளையாட்டு ஒன்றில் ஆறு ஆண்டுகள் சேர்ந்து ஆடியவர்கள் நாங்கள். ஒருவர் பெர்லினிலேயே வாழ்பவர். மற்றொருவர் வார்சாவிலிருந்தும் இன்னொருவர் லிஸ்பனிலிருந்தும் வந்திருந்தனர். வாயிலில் நின்ற கூட்டத்தில் முகத்தால் ஒருவரையொருவர் அறிய இயலவில்லை. எவரோ நேரம் கேட்டார். அந்தக் குரலைக் கேட்டதும் மூவரும் ஒரே வேளையில் திரும்பினோம். காணாமலே நட்புப் பூண்ட பிசிராந்தையாரையும் கோப்பெருஞ்சோழனையும் நினைத்துக்கொண்டேன். உடன் வடக்கிருக்கும் அளவுக்கு எங்கள் நட்பு முதிர்ந்ததா என்பது வேறு கேள்வி.

உள்ளே என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது நிம்ராட் என்னும் பொறியின் மாதிரி வடிவம். இங்கிலாந்தின் ஃபெர்ராண்டி நிறுவனத்தார் 1951இல் அமைத்த பொறி அது. 12 அடி அகலம் உடையது. அவ்வாண்டு லண்டன் விழாவில் காட்டிய பின், பெர்லினில் நடந்த தொழிற்கண்காட்சிக்குக் கொண்டு வந்தனர். மேற்கு ஜெர்மனியின் பொருளாதார அமைச்சராக அந்நாளில் விளங்கிய லுட்விக் எர்ஹார்ட் அதனோடு ஆடித் தோற்றார். தோற்றவர் 1963இல் அந்நாட்டின் தலைமை அமைச்சரானார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்பொறி அறிந்தது நிம் என்னும் ஒரே ஆட்டந்தான். அதனை நீங்கள் புளியங்கொட்டைகளைக் கொண்டே ஆடலாம். கொட்டைகளைச் சில குவியல்களாக வைத்துக்கொள்ளுங்கள். இருவர் மாறி மாறி எடுக்க வேண்டும். ஒரு முறைக்கு ஒரே குவியலிலிருந்துதான் எடுக்கலாம். எத்தனை வேண்டுமாயினும் எடுக்கலாம். கடைசிக் கொட்டையை எடுப்பவர் வென்றவர். 3, 4, 5 என மூன்று குவியல்கள் இருப்பின் முதலில் ஆடுபவர் என்ன செய்தல் வேண்டும்? ஒவ்வோர் எண்ணையும் 1, 2, 4 ஆகியவற்றின் கூட்டாகப் பிரித்துப் பாருங்கள். 3 என்பது 2உம் 1உம். 4 என்பது 4 மட்டுமே. 5 என்பது 4உம் 1உம். இங்கே 4 இரு முறை வருகிறது, 1உம் இரு முறை வருகிறது. 2 மட்டும் துணையின்றித் தனியே நிற்கிறது. ஆகவே மூன்று கொட்டைக் குவியலிலிருந்து இரண்டை நீக்கிவிட்டால் எல்லாம் இணையாகிவிடும். அதன்பின் எதிரி எதை எடுத்தாலும் இணை குலையும். நீங்கள் மீண்டும் இணையாக்கிவிடலாம். இந்த வழியைச் சார்லஸ் பௌட்டன் என்னும் கணித அறிஞர் 1901இலேயே கண்டுரைத்தார். கணிப்பொறியின் ஆற்றலை விளக்குவதற்காகவே நிம்ராட் செய்யப்பட்டது. மக்களோ விளக்கத்தை விட்டுவிட்டு விளையாட்டைப் பிடித்துக்கொண்டனர். மூலப் பொறி பிற்பாடு பிரிக்கப்பட்டுப் போயிற்று. நாங்கள் கண்டது புதிதாகச் செய்ததே.

தோற்றவர் கையைச் சுட்டும் அடித்தும் தண்டிக்கும் பொறி ஒன்றும் அங்கே உண்டு. 2001இல் கலைஞர் இருவர் செய்தது. வார்சா நண்பர் கையை நீட்டினார், நான் நீட்டவில்லை.

பெர்லின் நண்பர் இவற்றையெல்லாம் கடந்து நேரே சென்று நின்ற இடம் வேறு. கிழக்கு ஜெர்மனி தனி நாடாக இருந்த காலத்தில், 1980களின் நடுப்பகுதியில், அங்கே செய்யப்பட்ட பாலி பிளே என்னும் பொறி அது. சோவியத் நாட்டுக் கேலிச்சித்திரப் படத்தின் முயலையும் ஓநாயையும் வைத்து அமைத்த ஆட்டம் ஒன்று அதில் உண்டு. 1990இல் இரு ஜெர்மனிகளும் இணைந்தபின் அப்பொறிகளுள் பெரும்பாலானவை அழிந்தொழிந்தன. சிறுவயதில் விடுமுறை இல்லம் ஒன்றில் அதனை ஆடியவர் எங்கள் நண்பர். முயலை அவர் எந்த மூலையில் திருப்புவது என்று சிந்திக்கவே இல்லை. கை தானே அறிந்திருந்தது. எழுதி வைத்த விளக்கப் பலகையில் அந்தக் கையின் அறிவு இல்லை.

பொறிகளும் மூப்படைகின்றன. சில்லுகளில் மின்னூட்டமாகப் பதிந்த நிரல்கள் பல பத்தாண்டுகளில் மெல்லக் கசிந்து மறைகின்றன. துப்பாக்கியால் திரையிலுள்ள வாத்தைச் சுடும் ஆட்டத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். உண்மையில் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளிவருவதில்லை. விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கருத்து, வாத்திருந்த இடம் மட்டும் வெள்ளையாக ஒளிரும். அவ்வொளியைத் துப்பாக்கியே பார்க்கிறது. பழைய கண்ணாடிக் குழாய்த் தொலைக்காட்சி அவ்வெள்ளையை உடனே காட்டும். இன்றைய தட்டைத் திரையோ சிறிது தாமதித்துக் காட்டும். ஆதலால் ஆட்டத்தைக் காக்க வேண்டுமாயின் தொலைக்காட்சிப் பெட்டியையும் காத்தல் வேண்டும்.

"நம் விளையாட்டை இங்கே எந்த மூலையில் வைப்பார்கள்?" என்று லிஸ்பன் நண்பர் கேட்டார். நாங்கள் பழகிய அந்த விளையாட்டை நடத்தியவர்கள் ஒரு நாள் அதனை மூடிவிட்டார்கள். நாங்கள் விலை கொடுத்து வாங்கிய வட்டில் படங்களும் ஒலிகளுமே இருந்தன. யார் எங்கே நின்றார், எவர் வென்றார் என்று முடிவு செய்ததெல்லாம் சர்வர் என்னும் தொலைவிலிருந்த கணிப்பொறி. அது நின்றதும் எங்கள் வட்டு, வீடில்லாத கதவு போலாயிற்று.

2010க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த பழைய விளையாட்டுகளுள் 87 விழுக்காடு விற்பனையில் இல்லை என்று 2023இல் வெளியான ஆய்வொன்று கூறியது. அவற்றைத் தொலைவிலுள்ள ஆராய்ச்சியாளருக்கு நூலகங்கள் இணையம் வழியே அளிக்க இசைவு கேட்டபோது, அந்நாட்டுப் பதிப்புரிமை அலுவலகம் 2024இல் மறுத்துவிட்டது. ஐரோப்பாவில், விற்ற விளையாட்டை ஆட இயலாதபடி முடக்கலாகாது என்ற கோரிக்கைக்கு 2025இல் பத்து லட்சத்திற்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டனர். நிறுவனத்தார் என்றென்றும் நட்டத்தில் நடத்த வேண்டும் என்பது நியாயமன்று. ஆனால் மூடும் நாளில் நிரலை ஒரு நூலகத்திடம் ஒப்படைப்பதில் அவர்களுக்கு என்ன குறை வந்துவிடும் என்பது எனக்கு விளங்கவில்லை.

நிரல் கிடைத்தாலும் ஆடிய மக்கள் கிடைப்பரோ? 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 1ஆம் நாள் இணைய உலகம் ஒன்று மூடப்பட்டபோது, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர் அதன் இறுதிக் கணங்களைத் திரையிலிருந்தே பதிவு செய்து வைத்தனர். ஆடியவர்கள் விடைபெறுவதை அதில் காணலாம். எங்கள் விளையாட்டுக்கு அப்படி ஒரு பதிவும் இல்லை.

ஆகவே வெளியே வந்து காப்பி அருந்துகையில், நினைவிலிருந்தே அவ்வுலகின் ஊர் ஒன்றை வரைந்து பார்க்கலாம் என்று பெர்லின் நண்பர் தாள் எடுத்தார். பாலம் சந்தைக்கு வடக்கே இருந்தது என்றார் லிஸ்பன் நண்பர். கிழக்கே என்றேன் நான். பாலமே கிடையாது, ஓடந்தான் இருந்தது என்று வார்சா நண்பர் அடித்துக் கூறினார். சென்று பார்த்துத் தீர்த்துக்கொள்ள அந்த ஊர் இல்லை. பெர்லின் நண்பர் மூன்றையும் தனித்தனியே வரைந்து, ஒவ்வொன்றின் கீழும் சொன்னவர் பெயரை எழுதித் தேதியிட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.