கணிப்பொறி துப்பறிகிறதா?

தீராத கொலை வழக்கு ஒன்றை விடியோ விளையாட்டில் நீங்கள் மறுபடி விசாரிக்கிறீர்கள். கடிதம் உங்கள் கையில் கிடைத்த பிறகே சாட்சி வாய் திறக்கிறார். கடிதம் கிடைத்தது அவருக்கு எப்படித் தெரியும்?

ஒவ்வொரு தடயத்துக்கும் கணிப்பொறியின் நினைவகத்தில் ஒரு 'பிட்' உண்டு. தடயம் கிடைக்காதவரை அது 0, கிடைத்தால் 1. சாட்சி பேசுமுன் கணிப்பொறி அந்த எண்ணைப் பார்க்கிறது, அவ்வளவுதான்! 8 தடயங்களுக்கு 8 பிட்கள், அதாவது ஒரு 'பைட்' போதும். அதில் 256 நிலைகள் அடங்கும்.

1983இல் ஜப்பானில் யூஜி ஹோரி அமைத்த 'போர்ட்டோப்பியா தொடர்கொலை வழக்கு' இவ்வகையில் முன்னோடி. அதில் கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வேண்டும். 1985இல் வந்த ஃபேமிகாம் பதிப்பில் கட்டளைகள் பட்டியலாகத் திரையில் தோன்றின.

பட்டியலை வரிசையாக அழுத்தியே கதையை நகர்த்திவிடலாம். ஆனால் அது கணிப்பொறி செய்யும் வேலை. 'ஏன்?' என்று கேட்பதே துப்பறிதல்; அது உங்கள் வேலை!