சக்கரம் எங்கே நிற்கிறது?

பொள்ளாச்சி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: “மஹிந்திரா தார் வாங்கி ஒரு வருஷம் ஆகிறது. 33 இன்ச் டயரும் அகலமான அலாய் வீலும் மாட்டினால் எந்தக் காட்டுப் பாதையிலும் சிக்காது என்கிறார்கள். மாட்டலாமா?” கூடவே ஒரு கடையின் விளம்பரப் படத்தையும் அனுப்பியிருக்கிறார். நான்கு டயர்களும் மட்கார்டைத் தாண்டி வெளியே துருத்திக்கொண்டு நிற்கின்றன. ‘கூடுதல் உயரம், கூடுதல் பிடிப்பு, கூடுதல் பாதுகாப்பு’ என்று மூன்று வாக்குறுதிகள். முதலாவது உண்மை. இரண்டாவது பாதி உண்மை. மூன்றாவது பொய்.

உண்மையை முதலில் சொல்லிவிடலாம். தாரின் ஒரு வகையில் வரும் டயர் 245/75 ஆர்16. விட்டம் சுமார் 774 மி.மீ. கடைக்காரர் ‘33’ என்று விற்பது பெரும்பாலும் 285/75 ஆர்16. அதன் விட்டம் 834 மி.மீ. வித்தியாசம் 60. அதில் பாதி, 30 மி.மீ., வண்டிக்கு அடியில் இடைவெளியாகக் கிடைக்கிறது. தாரின் பின்பக்கம் முழு ஆக்சில். அதன் நடுவில் தொங்கும் டிஃபரன்ஷியல் உருண்டைதான் பாறையில் முதலில் இடிபடும். சஸ்பென்ஷனை உயர்த்தும் லிஃப்ட் கிட் எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும் அந்த உருண்டையை ஒரு மி.மீ.கூடத் தூக்காது, பாடி மட்டும்தான் மேலே போகும். டிஃபரன்ஷியலைத் தூக்கப் பெரிய டயரால்தான் முடியும். பாறைப் பாதையில் ஓட்டுகிறவர்கள் பெரிய டயருக்கு ஆசைப்படுவதில் நியாயம் இருக்கிறது.

அந்த 30 மி.மீ.க்கு விலை உண்டு. ஸ்பீடோமீட்டர் சக்கரச் சுற்றுகளைத்தான் எண்ணுகிறது, தூரத்தை அளப்பதில்லை. முன்பு 100 கி.மீ. வேகத்தில் முள் எங்கே நின்றதோ, இப்போது 107, 108 ஓடும்போதும் அதே இடத்தில்தான் நிற்கும். ஓடோமீட்டரும் அதே விகிதத்தில் குறைத்துக் காட்டும். “டயர் மாற்றியதிலிருந்து மைலேஜ் விழுந்துவிட்டது” என்று புலம்புகிறவர்கள் ஓடோமீட்டர் விழுங்கிய தூரத்தைக் கணக்கில் சேர்த்தால் பாதிப் புலம்பல் அடங்கும். மீதிப் பாதி நிஜம். ஆரம் கூடியதால், இன்ஜின் அதே முறுக்கு விசையைக் கொடுத்தாலும் தரையில் கிடைக்கும் இழுவை ஏழு சதவீதம் குறைகிறது. பிரேக்குக்கும் இதே கணக்குத்தான்.

அடுத்தது பிடிப்பு. அகலமான டயர் தரையை அதிகம் தொடும் என்பது விளம்பரம். தொடும் பரப்பை முக்கியமாகத் தீர்மானிப்பவை சக்கரத்தின் மேல் விழும் சுமையும் உள்ளே இருக்கும் காற்றழுத்தமும்தான். ஆட்களோடு 2 டன் எடையுள்ள வண்டியில் ஒரு சக்கரத்துக்கு 500 கிலோ. 30 பி.எஸ்.ஐ. காற்று என்றால் சதுர செ.மீ.க்கு 2.1 கிலோ. வகுத்தால் சுமார் 240 சதுர செ.மீ. டயர் பக்கச்சுவரின் விறைப்பால் இந்தக் கணக்கு கொஞ்சம் முன்பின் ஆகும், அவ்வளவுதான். அகலமான டயரை மாட்டினாலும் பரப்பு ஏறத்தாழ அதேதான். தடம் அகலமாகவும் குட்டையாகவும் மாறும். அழுத்தத்தை 15 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் பரப்பு இரட்டிப்பை நெருங்கும், அதுவும் பெரும்பாலும் நீளவாக்கில். பெரிய டயரில் பக்கச்சுவர் உயரம் அதிகம் என்பதால் காற்றை இப்படி இறக்கத் தோதாக இருக்கிறது. அதனால்தான் பாதி உண்மை என்றேன். மீதிப் பாதியை வண்டியோடு வந்த டயரிலேயே, காசு செலவில்லாமல், வால்வைத் திறந்து வாங்கிக்கொள்ளலாம். தார் ரோட்டுக்குத் திரும்பியதும் காற்றை மறுபடி ஏற்றிவிட வேண்டும்.

இது இன்று நேற்றுக் கண்டுபிடித்ததல்ல. 1920களின் கடைசியில் ரால்ஃப் பாக்னால்ட் என்ற பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர் சாதாரண ஃபோர்டு கார்களில் லிபியப் பாலைவனத்தைச் சுற்றி வந்தார். மணலில் புதைந்த வண்டியை மீட்டது டயரிலிருந்து இறக்கிய காற்றும், சக்கரத்துக்கு அடியில் கொடுத்த இரும்புத் தகடுகளும். அதே மனிதர் 1941இல் மணல் நகர்வின் இயற்பியலைப் பற்றி எழுதிய நூல் இன்றும் அந்தத் துறையின் அடிப்படை நூல். வரலாறு இவ்வளவு போதும்.

இப்போது அந்த விளம்பரப் படத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன்: டயர் வெளியே துருத்திக்கொண்டு நிற்கும் இடம். இதைத் தீர்மானிக்கும் எண்ணுக்கு ஆஃப்செட் என்று பெயர். ஹப்பில் போய் உட்காரும் வீலின் முகம், வீலின் நடுக்கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. தள்ளியிருக்கிறது என்பதுதான் அது. அலாய் வீலைக் கழற்றித் திருப்பிப் போட்டு, பிரேக் தூசியைத் துணியால் துடைத்தால், ஆரக்காலின் உட்பக்கத்திலோ நட்டுத் துளைகளுக்குப் பக்கத்திலோ ‘ஈ.டி.’ என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் வார்ப்பில் தெரியும். ஈ.டி. 30 என்றால் முகம் நடுக்கோட்டைவிட 30 மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறது, அதனால் வீல் வண்டிக்குள் அடங்கி நிற்கும். எண் குறையக் குறைய வீல் வெளியே வரும்.

பழைய வீல் ஏழரை இன்ச் அகலம், ஈ.டி. 30 என்று வைத்துக்கொள்வோம். புது வீல் ஒன்பது இன்ச், ஈ.டி. 0. வெளி விளிம்பு 49 மி.மீ. வெளியே வருகிறது, ஆஃப்செட்டால் 30, அகலத்தில் பாதியால் 19. உள் விளிம்போ 11 மி.மீ. சஸ்பென்ஷனிலிருந்து விலகுகிறது. கடைக்காரர் குறைந்த ஆஃப்செட்டைச் சிபாரிசு செய்வதன் காரணம் இந்த 11 மி.மீ.தான். தடித்த டயர் உள்ளே இருக்கும் சஸ்பென்ஷன் கையிலும் ஸ்பிரிங்கிலும் உரசாமல் இருக்க அது தேவை.

தெருக்குழாயிலிருந்து குடத்தை இடுப்பில் வைத்துச் சுமந்து வரும் பெண்ணைப் பாருங்கள். குடத்தின் எடை இடுப்பெலும்பு வழியாக நேராகக் காலுக்கு இறங்குகிறது. அதே குடத்தை ஒரு சாண் தள்ளி, கையை நீட்டிப் பிடித்து நடக்கச் சொன்னால்? தண்ணீர் ஒரு சொட்டுகூடக் கூடவில்லை. தோளும் முதுகும் கெஞ்சும். இங்கே இடுப்பு என்பது வீல் பேரிங். பெரிய குடமானால் விலாவில் இடிக்கும், ஆகவே தள்ளித்தான் பிடிக்க வேண்டும். தடித்த டயருக்குக் குறைந்த ஆஃப்செட் வந்ததும் இப்படித்தான். தள்ளிப் பிடித்துக்கொண்டு வாசலில் திரும்பினால் குடம் நிலைக்கதவில் முட்டும். டயர் பம்பரில் முட்டுவதும் அதே காரணத்தால்தான். அது ஸ்டியரிங் அச்சிலிருந்து விலகி நிற்பதால் திரும்பும்போது பெரிய வட்டம் போடுகிறது. குடத்துக்காக நிலைக்கதவை அறுக்கிறவர் யாரும் இல்லை. டயருக்காகப் பம்பரை அறுக்கிறார்கள். இனி, கை நீட்டி நடக்கும் அந்தப் பெண்ணின் ஒரு கால் சேற்றில் வழுக்கட்டும். இடுப்பில் இருந்த குடம் உடம்போடு சேர்ந்து சாய்ந்திருக்கும். நீட்டிய கையில் இருக்கும் குடம் உடம்பையே சுழற்றிவிடும்.

ஸ்டியரிங்கில் நடப்பது அந்தச் சுழற்சிதான். முன்சக்கரம் எந்த அச்சைச் சுற்றித் திரும்புகிறதோ, அதாவது மேல் பால் ஜாயிண்ட்டையும் கீழ் பால் ஜாயிண்ட்டையும் சேர்க்கும் கோட்டை, தரை வரை நீட்டுங்கள். அது தரையைத் தொடும் புள்ளிக்கும் டயர்த் தடத்தின் நடுவுக்கும் உள்ள தூரம்தான் நெம்புகோலின் நீளம். அது 10 மி.மீ. என்றும், வலது சக்கரம் தார் ரோட்டிலும் இடது சக்கரம் ஜல்லியிலும் இருக்கும்போது பிரேக் அடிக்கிறீர்கள் என்றும் வைத்துக்கொள்வோம். வலதில் 300 கிலோ விசை, இடதில் 100. மிச்ச 200 கிலோ 10 மி.மீ. நெம்புகோலில் வேலை செய்தால், ஸ்டியரிங்கைத் திருப்பப் பார்க்கும் முறுக்கு 2 கிலோ-மீட்டர். ஆஃப்செட்டை 30 மி.மீ. குறைத்ததும் நெம்புகோல் 40 மி.மீ. ஆகிறது, முறுக்கு 8. நான்கு மடங்கு! ஒரு சக்கரம் குழியில் அடிபடும்போதும் இதே மாதிரி நெம்புகோல் 30 மி.மீ. நீண்டுவிடுகிறது. கூடுதல் பாதுகாப்பு என்பது பொய் என்று சொன்னது இதனால்தான்.

இதில் என்னைக் கவர்ந்த நுட்பம் ஒன்று உண்டு. அந்த அச்சுக்கோடு செங்குத்தாக நிற்பதில்லை. கீழே போகப் போக வெளிப்பக்கம் சாய்கிறது. டயரின் ஆரம் 30 மி.மீ. கூடினால் தரை அந்த அளவு கீழே போகிறது, கோடு இன்னும் கொஞ்சம் வெளியே போய்த் தரையைத் தொடுகிறது. சாய்வு 12 பாகை என்றால் சுமார் 6 மி.மீ. அதாவது பெரிய டயர் நெம்புகோலைக் கொஞ்சம் குறைக்கவே செய்கிறது. கெடுதல் பெரிதாக வருவது டயரின் உயரத்தால் அல்ல, வீல் வெளியே தள்ளி நிற்பதால். ஒரே ரசீதில் இரண்டும் சேர்ந்து வருவதால் பழி முழுவதும் டயர் மேல் விழுகிறது.

பேரிங்குக்கு வருவோம். குண்டு பேரிங்கின் ஆயுள் சுமையின் மும்மடிக்குத் தலைகீழாகக் குறையும். சுமை 25 சதவீதம் கூடினால் ஆயுள் பாதியாகிவிடும். தொழிற்சாலையில் சுமைக்கோடு இரண்டு வரிசைக் குண்டுகளுக்கு இடையில் விழுகிற மாதிரி வைத்திருப்பார்கள். வீலை வெளியே தள்ளினால் அந்தக் கோடு வெளி வரிசைப் பக்கம் நகர்ந்து, சுமையில் பெரும்பங்கு அதன் தலையில் விழும். “வீல் மாட்டும்போது ஒன்றும் தெரியவில்லையே” என்பார்கள். மாட்டும்போது தெரியாது; சில ஆயிரம் கி.மீ. கழித்து ஒரு முனகல் கேட்கும். வீலையும் ஹப்பையும் பிரிக்க நடுவில் வைக்கும் ஸ்பேசருக்கும் இந்தப் பத்தி முழுக்கப் பொருந்தும்.

சட்டத்தையும் சொல்லியாக வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

பொள்ளாச்சி வாசகருக்கு என் பதில்: 33 வேண்டாம். தாரின் உயர்வகையில் கம்பெனியே தரும் 255/65 ஆர்18 டயர், 789 மி.மீ. விட்டத்தோடு, உங்களுக்குப் போதும். பாறைப் பாதை என்றால் பக்கச்சுவர் உயரமான 16 இன்ச் டயரிலேயே இருந்துகொண்டு, நல்ல ஆல்-டெரெய்ன் டயரையும் ஒரு காற்று கம்பிரஸரையும் வாங்குங்கள். வேறு வீல் மாட்டியே ஆக வேண்டும் என்றால், கடைக்குப் போகும் முன் இப்போதிருக்கும் வீலைக் கழற்றி, பின்னால் வார்த்திருக்கும் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். புது வீலின் எண் அதிலிருந்து 10, 15 மி.மீ.க்கு மேல் குறைந்தால், என்ன விலைக்குக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மாட்டி 100 கி.மீ. ஓடியதும் நட்டுகளை டார்க் ஸ்பேனரால் மறுபடி ஒருமுறை முடுக்கிவிடுங்கள்.