முதல் பிரசவம் சிசேரியன், இரண்டாவது?

சாண்ட்ரிங்கம் ரோட்டில் மளிகை வாங்கும்போதும் கோயில் அன்னதான வரிசையிலும் கர்ப்பமாக இருக்கும் தோழிகள் என்னிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "முதல்ல சிசேரியன்னா ரெண்டாவதும் கத்திதானா?" என் மூத்தவள் சிசேரியன், சின்னவன் சுகப்பிரசவம். அதனால்தான் என்னிடம் வருகிறார்கள்.

கட்டாயமில்லை. ஒருமுறை சிசேரியன் ஆனால் எப்போதும் அதுதான் என்ற பேச்சை 1916-இல் கிளப்பியவர் நியூயார்க் டாக்டர் எட்வின் கிராகின். அந்தக் காலத்தில் கர்ப்பப்பையை மேலிருந்து கீழாக வெட்டுவார்கள். வலி வரும்போது அந்தத் தழும்பு பிரிய வாய்ப்பு அதிகம். இன்று பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் குறுக்காகத்தான் வெட்டுகிறார்கள். ஒரு சிசேரியனுக்குப் பிறகு முயல்பவர்களில் நூற்றுக்கு 72 முதல் 75 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது என்கிறது பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர்கள் அமைப்பு.

ஆனால் இந்த எண் எல்லாருக்கும் ஒன்றல்ல. என் மிட்வைஃப் முதல் நாளே கேட்டது, "முதல் தடவை ஏன் சிசேரியன் ஆச்சு?" என்பதுதான். எனக்குக் குழந்தை தலை திரும்பாமல் இருந்தது. அது இரண்டாவது தடவையும் நடக்க வேண்டும் என்றில்லை. அதனால் வாய்ப்பு நன்றாகவே இருந்தது. வலி வந்தும் கர்ப்பப்பை வாய் திறக்காமல் நின்றுபோனவர்களுக்கு வாய்ப்பு கொஞ்சம் குறையும். ஏற்கெனவே ஒரு சுகப்பிரசவம் ஆனவர்களுக்கு 85 முதல் 90 சதவீதம்!

அடுத்தது, வலி தானாக வர வேண்டும். மருந்து கொடுத்து வரவழைத்தால் வெற்றி வாய்ப்பு குறைவதோடு தழும்பு பிரியும் ஆபத்தும் இரண்டு மூன்று மடங்காகிறது. நம்மவர்களுக்கு இங்கேதான் சிக்கல். கர்ப்பகால சர்க்கரை தெற்காசியப் பெண்களுக்கு அதிகம். சர்க்கரை ஏறினால் குழந்தை பெரிதாகும், தேதிக்கு முன்பே வலியை வரவழைக்கலாம் என்ற பேச்சும் வரும். "ரெண்டு பேருக்குச் சாப்பிடு"ன்னு அம்மா தட்டில் இன்னொரு கரண்டி சாதம் போட்டால், அன்பாக மறுத்துவிடுங்கள்.

"ஏண்டி ரிஸ்க்? நல்ல நாள் பாத்து எடுத்துடலாமே" என்றாள் அம்மா. அவள் பயம் வெறும் பயமில்லை. இருநூறு பேரில் ஒருவருக்குத் தழும்பு பிரியலாம். அப்படி ஆனால் தாய்க்கும் பிள்ளைக்கும் நிமிஷங்கள் முக்கியம். அதனால்தான் வீட்டிலோ பர்த்திங் சென்டரிலோ இல்லாமல், தியேட்டர் தயாராக உள்ள ஆக்லாந்து சிட்டி, மிடில்மோர் போன்ற ஆஸ்பத்திரிகளில், குழந்தையின் இதயத்துடிப்பைத் தொடர்ந்து பார்த்தபடி முயலச் சொல்கிறார்கள். அதேசமயம் ஒவ்வொரு சிசேரியனுக்குப் பிறகும், அடுத்த கர்ப்பத்தில் நஞ்சு தழும்போடு ஒட்டிக்கொள்ளும் ஆபத்து ஏறும். மூன்று பிள்ளை வேண்டும் என்பவர்கள் இதையும் கணக்கில் வைக்கணும்.

என் அண்ணியின் கதை வேறு. முதல் பிரசவம் மதுரைப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில். தமிழ்நாட்டில் 2019–21 கணக்குப்படி பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். அண்ணி மாதிரி இங்கே வந்து அடுத்த குழந்தைக்குத் தயாராகிறவர்கள் நிறைய. மிட்வைஃப் அனுப்பிய ஸ்பெஷலிஸ்ட் கேட்டார், "ஆப்பரேஷன் நோட் இருக்கா?" கையில் டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும். அதில் 'எல்.எஸ்.சி.எஸ்.' என்று நாலு எழுத்து. "வயித்துல தழும்பு குறுக்கதானே இருக்கு?" என்றாள் அண்ணி. தோலில் குறுக்கே இருந்தாலும் உள்ளே கர்ப்பப்பையில் வேறு மாதிரி வெட்டியிருக்கலாம், வெட்டு மேலே நீண்டிருக்கலாம். உள்ளே மேலிருந்து கீழாக வெட்டியிருந்தால் முயலவே விடமாட்டார்கள்.

அண்ணியின் தம்பி மூன்று முறை நேரில் போய், 34-ஆம் வாரத்தில்தான் நோட்டை போட்டோ எடுத்து வாட்ஸப்பில் அனுப்பினான். உள்ளேயும் குறுக்கு வெட்டுதான். வலி தானாக வந்தது. பதினொரு மணி நேரம் முயன்றாள், பிறகு துடிப்பு இறங்கி சிசேரியன் ஆனது. பெண் குழந்தை. இந்தத் தடவை ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பும் முன்பே ஆப்பரேஷன் நோட்டின் காப்பியை வாங்கி, பாஸ்போர்ட் இருக்கும் உறையில் வைத்துவிட்டாள்.